சொல் வேட்டை ஆடிய தஞ்சாவூர் ஜட்ஜ் துரை

பல்லடத்தில் ஒரு விசைத்தறிக் கூடம். வாசலில் லாரி வந்து நிற்கிறது. நூல் மூட்டைகள் இறங்குகின்றன. மூட்டைகளைக் குடோனில் அடுக்கச் சொல்கிறார் முதலாளி. ஆட்கள் குடோனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

குடோன் என்பது எந்த மொழிச் சொல்?

ஆங்கிலச் சொல் என்று பள்ளிக்கூடத்துச் சிறுவன்கூடச் சொல்லிவிடுவான். அதை நல்ல தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால், கிடங்கு என்பான்.

வேடிக்கை அங்கேதான் இருக்கிறது! அந்தக் குடோனே நம் கிடங்குதான்!

கிட என்றால் படுத்திரு, ஓரிடத்தில் இரு என்று பொருள். சரக்குகள் கிடக்கிற இடம் கிடங்கு. தெலுங்கில் அது கிடங்கி. முற்காலத்தில் நம் நாட்டு வணிகர்கள் கப்பல் ஏறி மலாய் நாட்டுக்குப் போனார்கள். சரக்கோடு சொல்லும் போயிற்று. மலாய்க்காரர் வாயில் அது 'கடோங்' ஆயிற்று. பிறகு அந்தக் கடல்களுக்கு ஐரோப்பியர் வந்தார்கள். ஆங்கிலேயர் வாயில் அது 'கோடவுன்' ஆயிற்று. அவர்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நாம் அதைக் 'குடோன்' என்று வாங்கிக்கொண்டோம்.

வீட்டை விட்டுப் போன பிள்ளை கோட்டும் தொப்பியுமாகத் திரும்பி வந்தால், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது அல்லவா? அந்தக் கதைதான்!

இந்தக் கதையைத் துருவிக் கண்டு புத்தகத்தில் எழுதி வைத்தவர்கள் இரண்டு வெள்ளைக்காரர்கள். ஒருவர் போர்வீரர், கர்னல் ஹென்றி யூல் என்று பெயர். மற்றவர் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அவர்தான் ஆர்தர் கோக் பர்னல்.

தமிழ்நாட்டின் பழைய எழுத்துகளைப் பற்றிப் படிக்கிற எவரும் பர்னல் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தஞ்சை அரண்மனைச் சுவடிகளைப் பற்றிப் பேசுகிறவர்களும் அப்படியே. ஆனால் அவருடைய வாழ்க்கைக் கதை பலருக்குத் தெரியாது. மிகச் சிறிய வாழ்க்கை அது. 42 வயதில் முடிந்துவிட்டது.

சிறு வயது

இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் என்று ஒரு ஜில்லா. அங்கே செயின்ட் பிரையவல்ஸ் என்ற ஊரில் 1840-ஆம் ஆண்டு பர்னல் பிறந்தார். அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல் இலாகாவில் வேலை பார்த்தவர். ஆகவே இந்தியா என்ற பேச்சு அந்த வீட்டுக்குப் புதிது அல்ல.

பெட்போர்டு என்ற ஊரில் பள்ளிப் படிப்பு. பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரி. அந்த நாளில் டென்மார்க் தேசத்து அறிஞர் ஒருவரின் அறிமுகம் கிடைத்தது. பௌத்த நூல்களின் மொழியான பாலியைக் கரைத்துக் குடித்தவர் அவர். ஃபாஸ்பால் என்று பெயர். அந்தப் பழக்கம்தான் பர்னலின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. இந்திய மொழிகளைக் கற்க வேண்டும் என்ற ஆசை பற்றிக்கொண்டது.

இந்தியாவில் உத்தியோகம் பார்ப்பதற்கான பரீட்சையில் தேறினார். 1860-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 20.

மற்ற இளம் துரைமார்கள் வேட்டைக்குப் போனார்கள். துப்பாக்கி தூக்கிப் புலி சுட்டார்கள். பர்னலும் வேட்டைக்காரர்தான். ஆனால் அவர் தேடியது ஏடுகளை! எந்த ஊருக்கு மாற்றினாலும் அங்கே யாரிடம் பழைய ஓலைச்சுவடி இருக்கிறது என்று விசாரிப்பார். விற்க விரும்பினால் விலை கொடுத்து வாங்குவார். விற்க மனமில்லை என்றால், ஆள் வைத்துப் பிரதி எடுத்துக்கொள்வார்.

உடம்பு மட்டும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. பிறவியிலேயே வலுவில்லாத உடம்பு. சென்னை ராஜதானியின் வெயில் வேறு. 1868-இல் லீவு எடுத்துக்கொண்டு சீமைக்குப் போனார். போகிற வழியிலும் சும்மா இருக்கவில்லை. அரேபியா, எகிப்து, நூபியா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டே போனார்.

தாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த சுவடிகளில் 350-ஐ 1870-இல் லண்டன் இந்தியா ஆபீஸ் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். விலைக்கு அல்ல, இனாமாக!

கல்லும் ஓலையும்

பிறகு மீண்டும் இந்தியா. மங்களூரிலும் தஞ்சாவூரிலும் நீதிபதி வேலை. பகலில் கச்சேரியில் வழக்கு விசாரணை. மற்ற நேரமெல்லாம் ஏடும் எழுத்தும்.

சென்னையில் பரங்கிமலைக் கோயிலில் ஒரு பழைய கற்சிலுவை உண்டு. அதைச் சுற்றி ஏதோ எழுதியிருக்கும். என்ன எழுத்து என்று ஊராருக்குத் தெரியாது. அது பழைய பாரசீக எழுத்தான பஹ்லவி என்று 1873-இல் விளக்கி எழுதினார் பர்னல்.

அடுத்த ஆண்டு, 1874-இல், அவருடைய பெரிய நூல் மங்களூரில் அச்சாயிற்று. தென்னிந்திய எழுத்துகள் எப்படிப் பிறந்தன, நூற்றாண்டுதோறும் எப்படி உருமாறின என்பதைச் சொல்லுகிற நூல் அது. கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் வைத்து எழுத்துகளை வரிசைப்படுத்திக் காட்டினார். அதற்கு முன்பு இந்தத் துறையில் அப்படி ஒரு நூல் இல்லை. ஜெர்மானியரின் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

தஞ்சையில் அவருக்காக ஒரு மலையே காத்துக்கொண்டிருந்தது. அதுதான் சரசுவதி மகால். நாயக்க மன்னர்களும் மராட்டிய மன்னர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஏடுகள் அங்கே குவிந்து கிடந்தன. எங்கே எது இருக்கிறது என்று தெரிந்தால்தானே படிக்க முடியும்? ஆயிரக்கணக்கான வடமொழிச் சுவடிகளைப் பார்த்து, இனம் பிரித்து, பட்டியல் எழுதினார் பர்னல். அந்தப் பட்டியல் 1880-இல் லண்டனில் வெளியாயிற்று. அவருடைய உடம்பை உருக்கிய வேலைகளில் அதுவும் ஒன்று.

வடமொழியும் தென்னாட்டு மொழிகளும் அவருக்கு நன்றாகத் தெரியும். அரபு, திபெத்து மொழி, ஜாவா மொழி, எகிப்தியரின் காப்டிக் மொழி இவற்றிலும் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஒரு மனிதர் 42 ஆண்டுகளில் இத்தனையும் கற்றார் என்றால் நம்பத்தான் முடிகிறதா?

கடிதத்தில் பிறந்த புத்தகம்

கர்னல் யூல் பர்னலைவிட 20 வயது மூத்தவர். ஸ்காட்லாந்துக்காரர். வங்காளப் படையில் என்ஜினீயராக இருந்து, வாய்க்கால் வெட்டும் வேலைகளையும் பார்த்தவர். 1862-இல் ஓய்வு பெற்று, இத்தாலியில் பலெர்மோ என்ற ஊரில் குடியேறினார். மார்க்கோ போலோவின் யாத்திரைப் புத்தகத்தை விளக்கங்களோடு 1871-இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார்.

பர்னலும் யூலும் அதுவரை ஒரே ஒரு முறைதான் நேரில் சந்தித்திருந்தார்கள். லண்டன் நூலகத்தில் நடந்த சந்திப்பு அது. பிறகு எல்லாம் கடிதம்தான். பர்னல் இந்தியாவிலிருந்து எழுதுவார். கப்பல் ஏறிக் கடிதம் பலெர்மோவுக்குப் போகும். பதில் வரும்.

1872 வாக்கில் ஒரு கடிதத்தில் பர்னல் ஒரு செய்தி எழுதினார். இந்தியாவில் உள்ள ஆங்கிலேயர் பேச்சில் எத்தனையோ உள்ளூர்ச் சொற்கள் கலந்துவிட்டன. அவற்றுக்கு ஓர் அகராதி செய்யத் தாம் எண்ணியிருப்பதாகவும், கொஞ்சம் குறிப்புகள் சேர்த்திருப்பதாகவும் தெரிவித்தார்.

யூலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அவரும் பல ஆண்டுகளாக அதே வேலையைத்தான் செய்து வந்தார்! இருவரும் சேர்ந்தே செய்யலாமே என்று பதில் எழுதினார். பர்னல் சம்மதித்தார்.

மல் துரையும் கோயிஹை துரையும்

இவர்கள் ஜோடியில் ஒரு பொருத்தம் உண்டு. அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் தங்களுக்குள்ளேயே பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். வங்காளத்துத் துரைமார்கள் வேலைக்காரனைக் கூப்பிடும்போது, யாரங்கே என்ற பொருளில், 'கோயி ஹை' என்று இந்துஸ்தானியில் கத்துவார்கள். ஆகவே அவர்கள் 'கோயிஹை'கள். பம்பாய்த் துரைமார்கள் 'டக்'குகள், அதாவது வாத்துகள்! பம்பாய் டக் என்று அங்கே கிடைக்கும் ஒரு மீனுக்குப் பெயர். அதனால் வந்த பட்டம் அது.

சென்னைத் துரைமார்களுக்கு என்ன பட்டம் தெரியுமா? 'மல்'!

மல் என்பது 'மல்லிகாட்டானி' என்பதன் சுருக்கம். மல்லிகாட்டானி என்பது வேறு ஒன்றும் இல்லை. நம் வீட்டு மிளகுத்தண்ணிதான்! சளி பிடித்தால் பாட்டி வைத்துக் கொடுக்கிற அதே மிளகுத்தண்ணி. சென்னைத் துரைமார்கள் அதை விரும்பிக் குடித்ததால் அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. சீமைக்குப் போன மிளகுத்தண்ணியில் இறைச்சியும் மற்றதும் சேர்ந்துகொண்டன. இன்று அதைப் பாட்டியிடம் கொடுத்தால், இது என்ன குழம்பு என்று கேட்பார்.

அந்தக் கணக்கில் பர்னல் ஒரு மல். யூல் ஒரு கோயிஹை. தென்னாட்டுச் சொற்களுக்கு இவர், வடநாட்டுச் சொற்களுக்கு அவர். நல்ல பங்காளிகள்!

கஞ்சியும் கட்டுமரமும்

வேட்டையில் அகப்பட்ட சொற்கள் ஒன்றா, இரண்டா?

கஞ்சி என்ற சொல்லை ஆங்கிலேயர் 'காஞ்ஜி' ஆக்கிக்கொண்டார்கள். பட்டாளத்தில் தவறு செய்த சிப்பாயை அடைத்து வைக்கும் அறைக்குக் 'காஞ்ஜி வீடு' என்று பெயர். அங்கே கிடைக்கும் சாப்பாடு கஞ்சிதான். வெள்ளைக்காரச் சிப்பாயும் நம் கஞ்சியைக் குடித்துத்தான் சிறையிருந்தான்! துணிக்குப் போடும் கஞ்சிக்கும் அவர்கள் அதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். பல்லடம் பக்கத்து நெசவாளருக்கு இது நன்றாகப் புரியும். பாவுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்ற முடியுமா? இப்போது அந்த வேலைக்கும் 'சைசிங்' என்று ஆங்கிலப் பெயர் வந்துவிட்டது. கஞ்சி சீமைக்குப் போயிற்று; சைசிங் நம் ஊருக்கு வந்தது.

கட்டுமரத்தின் கதை இன்னும் வேடிக்கை. மரங்களைக் கட்டினால் கட்டுமரம். நம் மீனவர்கள் வைத்த பெயர், பார்த்தாலே பொருள் விளங்கும். ஆங்கிலேயர் அதைக் 'கட்டமரான்' என்றார்கள். 1804-இல் நெப்போலியனோடு சண்டை நடந்தபோது, பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க வெடிமருந்து நிரப்பிய மிதவைகளை ஆங்கிலேயர் ஏவினார்கள். அவற்றுக்கும் கட்டமரான் என்றே பெயர் வைத்தார்கள். அந்தத் தாக்குதல் பெரிய பலன் தரவில்லை. பிறகு ஆங்கிலப் பேச்சில் சண்டைக்காரப் பெண்ணைக் கட்டமரான் என்று ஏசும் வழக்கமும் வந்தது! இன்றோ இரண்டு அடிப்பாகங்கள் கொண்ட சொகுசுப் படகுக்கு அந்தப் பெயர். கட்டும் இல்லை, மரமும் இல்லை. பெயர் மட்டும் கட்டுமரம்!

சுருட்டு, 'செரூட்' ஆயிற்று. சுருட்டியது சுருட்டு. திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்குச் சீமையில் அப்படி ஒரு மவுசு. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் தோன்றிய முதல் கதை 1887-இல் வந்தது. அதிலேயே கொலைகாரனைக் கண்டுபிடிக்கத் திருச்சிச் சுருட்டின் சாம்பல் உதவுகிறது!

கறி, 'கறி'யாகவே போயிற்று. ஆனால் பொருள் எங்கெல்லாமோ அலைந்தது. பழந்தமிழில் கறி என்றால் மிளகு. பிறகு மிளகு சேர்த்துச் சமைத்ததெல்லாம் கறி. கொங்கு நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தாச்சா என்று கேட்டால் அது ஆட்டுக்கறி. சில வீடுகளில் வாழைக்காய் வதக்கலும் கறிதான். ஆங்கிலேயருக்கோ மஞ்சளாக மசாலாக் குழம்பு ஊற்றிய எதுவும் கறி. இதில் எது சரி? எல்லாமே சரிதான். ஊருக்கு ஊர் சொல் அப்படித்தான் வாழ்கிறது.

அணைக்கட்டு, 'அனிகட்' ஆயிற்று. காவிரியிலும் பவானியிலும் வேலை பார்த்த ஆங்கில என்ஜினீயர்கள் தங்கள் கணக்குப் புத்தகங்களில் அப்படியே எழுதினார்கள். சந்தை, 'ஷாண்டி' ஆயிற்று. கொங்கு நாட்டு வாரச்சந்தைகளைப் பற்றிய பழைய சர்க்கார் குறிப்புகளில் ஷாண்டி என்றே இருக்கும். சீமையில் இருக்கும் ஆங்கிலேயன் அதைப் படித்தால் திகைத்துப் போவான். ஏனென்றால் அவன் ஊரில் ஷாண்டி என்பது பீரில் எலுமிச்சைப் பானம் கலந்த குடிவகை! இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

அவசரம் கூடாது

ஓசை ஒத்திருந்தால் உடனே இது நம் சொல்தான் என்று மார்தட்டிக்கொள்வது எளிது. பர்னலும் யூலும் அப்படிச் செய்யவில்லை. அதுதான் அவர்களுடைய பெருமை.

காசு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்துக்குக் 'கேஷ்' என்று பெயர். இது நம் காசுதான் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். பாதி சரி, பாதி தவறு.

சென்னையில் கும்பினிக் காலத்தில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அந்தச் சின்னக் காசை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று எழுதினார்கள். சீனாவில் நடுவே ஓட்டை போட்ட செப்பு நாணயத்துக்கும் அதே பெயரைக் கொடுத்தார்கள். இது நம் காசு. சந்தேகம் இல்லை.

ஆனால் கடையில் ரொக்கம் என்ற பொருளில் வழங்கும் 'கேஷ்' வேறு. பிரெஞ்சு மொழியில் பணப்பெட்டிக்கு 'கேஸ்' என்று பெயர். அதிலிருந்து வந்தது அது. முதலில் பெட்டி; பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணம். எங்கோ பிறந்த இரண்டு சொற்கள் ஒரே உடுப்பை மாட்டிக்கொண்டு நிற்கின்றன! இருவரையும் பிரித்துக் காட்டியது அந்த அகராதி.

கூலி என்ற சொல்லும் அப்படியே. ஆங்கிலத்தில் 'கூலி' என்றால் வேலை செய்கிற ஆள். தமிழில் கூலி என்றால் அவன் வாங்குகிற சம்பளம். குஜராத் பக்கத்தில் கோலி என்று ஒரு சாதியார் உண்டு. அந்தப் பெயரிலிருந்து ஆங்கிலச் சொல் வந்திருக்கலாம். தமிழ்க் கூலியும் துணை சேர்ந்திருக்கலாம் என்று இரண்டையும் எழுதி வைத்தார்கள்.

ஒரு சொல்லின் கதை மட்டும் சிரிக்க முடியாதது. பறை முழக்கும் தொழிலால் வந்த பெயர் பறையர். அந்தப் பெயரை ஐரோப்பியர் கொண்டுபோய், சமூகத்திலிருந்து ஒதுக்கித் தள்ளப்பட்ட எவனுக்கும் பெயராக்கிவிட்டார்கள். 1791-இல் ஒரு பிரெஞ்சு ஆசிரியர் எழுதிய கதையும் அதைப் பரப்பியது. அது பறை என்னும் கருவியிலிருந்து வந்த பெயர், ஒதுக்கப்பட்டவன் என்பது அதன் பொருள் அல்ல என்று அகராதியில் விளக்கியிருக்கிறார்கள். விளக்கி என்ன பயன்? ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கிலப் பத்திரிகைகள் இன்னும் அதை எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன. உழைக்கும் மக்களின் பெயர் அவர்கள் அறியாமலே ஊர் ஊராக வசைச்சொல்லாகத் திரிவது எவ்வளவு பெரிய கொடுமை!

கொங்கு நாட்டுக் கல்

பல்லடத்திலிருந்து கிழக்கே போகிறவர்கள் பொங்கலூர், அவிநாசிபாளையம் தாண்டிக் காங்கேயம் சேர்வார்கள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை. முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள். பாறையைப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பக்கத்துப் பாறைகளில் குருந்தக்கல் உண்டு.

குருந்தம் என்பது சாதாரணக் கல் அல்ல. இயற்கையில் கிடைக்கும் கற்களில் வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்குத்தான். அதைப் பொடித்துச் சாணைக்கல் செய்வார்கள். அரிவாளும் கத்தியும் கூர் தீட்டுவார்கள். அதே குருந்தம் தெளிவாகச் சிவப்பு நிறத்தில் அமைந்துவிட்டால் மாணிக்கம்! நீல நிறத்தில் அமைந்துவிட்டால் நீலம்! ஏழை வீட்டுச் சாணைக்கல்லும் ராணியின் மோதிரக்கல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

உலகம் முழுவதும் கல்லூரிகளில் இந்தக் கல்லுக்குக் 'கொரண்டம்' என்று பாடம் சொல்கிறார்கள். வடமொழியில் குருவிந்தம், தெலுங்கிலும் குருவிந்தம். எதிலிருந்து வந்தது ஆங்கிலச் சொல்? எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, தமிழ்க் 'குருந்தம்'தான் அதற்கு நேரான தாயாக இருக்க வேண்டும் என்று எழுதியது அந்த அகராதி.

பேரன்றி ஊரன்றி ஒரு பெயர்

அகராதிக்குப் பெயர் வைக்க வேண்டுமே! யூலுக்கு ஒரு கவலை இருந்தது. மொட்டையாகப் பெயர் வைத்தால் புத்தகத்தை யார் வாங்குவார்கள்? அவருடைய நண்பர் ஒருவர் முன்பு அப்படி ஒரு பெயர் வைத்து, புத்தகம் விற்காமல் போயிருந்தது.

முகரம் ஊர்வலத்தில் முஸ்லிம்கள் மார்பில் அடித்துக்கொண்டு, யா ஹசன், யா ஹுசைன் என்று அழுது கூவுவார்கள். நபிகள் நாயகத்தின் பேரர்கள் இருவரின் பெயர் அது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காதில் அது எப்படி விழுந்தது தெரியுமா? 'ஹாப்சன் ஜாப்சன்' என்று விழுந்தது! ஹாப்சன், ஜாப்சன் இரண்டும் இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பப் பெயர்கள். நம் ஊரில் குப்புசாமி, சுப்புசாமி என்பது போல. புரியாத சொல்லைத் தனக்குத் தெரிந்த சொல்லாகத் திருத்திக்கொண்டது அந்தக் காது.

அதையே அகராதிக்குப் பெயராக்கினார் யூல். ஹாப்சன்-ஜாப்சன்! சொற்கள் உருமாறும் விதத்துக்கு நல்ல உதாரணம். அதோடு இரட்டைப் பெயர் என்பதால், இரண்டு பேர் எழுதிய புத்தகம் என்ற குறிப்பும் அதில் ஒளிந்திருந்தது. கடிதங்களில் இருவரும் அந்தப் பெயராலேயே புத்தகத்தைச் செல்லமாகக் குறிப்பிட்டுக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரரை மட்டும் கேலி செய்து பயனில்லை. நம் காதும் அப்படித்தான். அவர்களுடைய 'கம்பெனி' நம் வாயில் கும்பினி ஆயிற்று. 'பட்டாலியன்' பட்டாளம் ஆயிற்று. 'லாண்டர்ன்' லாந்தர் ஆயிற்று. போர்த்துக்கீசியரின் 'ஷாவி'யை வாங்கிச் சாவி என்று இடுப்பில் செருகிக்கொண்டோம். அவர்களுடைய ஜன்னல் நம் வீட்டில் திறந்திருக்கிறது.

பாதியில் நின்ற பேனா

ஆண்டுகள் ஓடின. யூல் 1875-இல் மனைவியை இழந்து, லண்டனுக்குத் திரும்பினார். கடிதங்கள் நிற்கவில்லை. பர்னல் தம் கைப்பணத்தைச் செலவழித்து அரிய பழைய புத்தகங்களை வாங்கினார். இந்தியாவில் இருந்துகொண்டு அந்தப் புத்தகங்களைப் பார்க்க வேறு வழி இல்லை. ஒரு சொல் எந்த ஆண்டில், எந்த யாத்திரிகன் பேனாவில் முதலில் வந்தது என்று தேடித் தேடி எழுதி அனுப்பினார்.

ஒரு பக்கம் ஜட்ஜ் வேலை. ஒரு பக்கம் சரசுவதி மகால் பட்டியல். ஒரு பக்கம் மனு தர்ம சாத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஒரு பக்கம் அகராதி. அந்த மெலிந்த உடம்பு எத்தனை பாரத்தைத் தாங்கும்?

வேலையும் வெயிலும் சேர்ந்து அவரை வீழ்த்திவிட்டன. உடம்பு முற்றும் கெட்டுச் சீமைக்குத் திரும்பினார். படுக்கையில் இருந்தும் கடிதம் எழுதுவதை விடவில்லை. 1882-ஆம் ஆண்டு கோடைக்காலம் வரை அவரிடமிருந்து யூலுக்குச் சொற்கள் வந்துகொண்டே இருந்தன. அதன் பிறகு நின்றன. அக்டோபர் 12-ஆம் தேதி, ஹாம்ப்ஷயரில் வெஸ்ட் ஸ்ட்ராட்டன் என்ற ஊரில் பர்னல் உயிர் நீத்தார்.

மனு தர்ம சாத்திர மொழிபெயர்ப்பு பாதியில் கிடந்தது. வேறொருவர் முடித்து 1884-இல் வெளியிட்டார். அகராதியும் முடியவில்லை.

யூலுக்கு அப்போது 62 வயது. துணைக்கு இருந்த இளையவர் போய்விட்டார். மூத்தவர் தனியாக நின்றார். ஆனாலும் விடவில்லை. அநேகமாக நாள் தவறாமல் ஏதாவது சேர்த்துக்கொண்டே இருந்தார். எங்கே நிறுத்துவது என்று தெரியாத அளவுக்கு வேலை வளர்ந்தது. அந்தப் பெரும் புத்தகம் முழுவதையும் தம் கையாலேயே நான்கு முறையாவது எழுதியிருப்பார். தட்டச்சுப் பொறி வீட்டுக்கு வீடு வராத காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

1886-இல் லண்டனில் ஹாப்சன்-ஜாப்சன் வெளியாயிற்று. பர்னலின் முதல் கடிதத்துக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 14 ஆண்டுகள்!

முன்னுரையில் யூல் ஒரு கணக்குச் சொல்கிறார். பக்கங்களை எண்ணிப் பார்த்தால் எட்டில் ஏழு பங்கு தாம் எழுதியதுதான் என்கிறார். சொல்லிவிட்டு, அந்தக் கணக்கு செல்லாது என்று தாமே அடித்துவிடுகிறார். பர்னல் வழிகாட்டாவிட்டால் தமக்குப் பல துறைகள் தெரியாமலே போயிருக்கும், அவருடைய பங்கைப் பக்கக் கணக்கால் அளக்க முடியாது என்று மனம் திறந்து எழுதியிருக்கிறார். கூட்டு வியாபாரத்தில் பங்காளி இறந்த பிறகு இப்படிக் கணக்கு எழுதுகிறவர் எத்தனை பேர்?

யூல் 1889 டிசம்பர் 30-ஆம் தேதி காலமானார். 1903-இல் வில்லியம் குரூக் என்பவர் மேலும் செய்திகள் சேர்த்து இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அது 1,000 பக்கங்களுக்கு மேல் வளர்ந்துவிட்டது. பெரிய ஆங்கில அகராதிகளைத் தொகுத்தவர்கள் இந்தியச் சொற்களுக்கு அதைத்தான் புரட்டினார்கள். தெரியாத சொல்லைத் தெரிந்த ஓசையாக மாற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கே 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்று மொழி அறிஞர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

1886-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதலில் கர்னல் யூல். அடுத்து பர்னல், சென்னை ராஜதானி உத்தியோகஸ்தர். அந்த இரண்டாவது பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று அச்சிட்டிருக்கிறார்கள்.